விசில் இல்லாத சனிக்கிழமை

இறந்தவரைப் பற்றி வீட்டாரிடம் நாலு விஷயம் கேட்டு எழுதிக்கொள்ளாமல் போதகர் எந்த அடக்க ஆராதனையிலும் பிரசங்கம் செய்ததில்லை. அந்த நாலு விஷயத்தை வைத்தே கல்நெஞ்சையும் கரைத்துவிடுவார் என்று ஊரே சொல்லும்.

இன்றும் நோட்டைப் பிரித்தார். எதிரே இறந்துபோன அம்மாளின் மகள், கண்ணில் பொட்டு ஈரமில்லாமல் உட்கார்ந்திருந்தாள்.

"அவங்களுக்குப் பிடிச்ச பாட்டு எதும்மா?"

"தெரியல. ரேடியோவைக் காதோட ஒட்டி வெச்சுத்தான் கேப்பாங்க."

எழுதிக்கொண்டார்.

"சிரிச்சுப் பேசுவாங்களா?"

"சமையலறைக் கதவைச் சாத்திட்டுச் சிரிப்பாங்க."

எழுதிக்கொண்டார்.

"வேற?"

"சனிக்கிழமையானா குக்கர் வைக்க மாட்டாங்க. விசில் சத்தம் ஆகாது."

"யாருக்கு ஆகாது?"

மகள் நிமிர்ந்து பார்த்தாள்.

"உங்களுக்குத்தான். பக்கத்து ரூம்ல பிரசங்கம் எழுதிட்டு இருப்பீங்களே, அப்பா."

போதகர் அதையும் எழுதிக்கொண்டார்.