ஜூனுக்குப் பிறகு

கிங்ஸ்பரியில் அன்று அதிசயமாக வெயில் அடித்தது. கொடியில் காய்ந்த உடுப்புகளை எடுக்கப் போன தவமலர், தோட்டத்துக் கொட்டிலுக்குள் கணவன் பிரியந்தன் போனில் குசுகுசுப்பதைக் கேட்டு நின்றாள். வீட்டுக்குள் பேச இடமில்லையாமா? காதைத் தீட்டிக்கொண்டாள்.

“போன வருசம் கிழவன்ர காசைப் போனஸா மாத்திப் பிரிச்சு வைச்சது நல்ல வேலை. ஆனா இனி ஏலாது. ஆளை வெட்டத்தான் வேணும்.”

தவமலரின் கையிலிருந்த சட்டை நழுவியது. அந்த வீட்டில் கிழவன் என்றால் ஒரே ஒருவர்தான். அவளுடைய அப்பா கஸ்பர். பாரிசில் நடத்திய பலசரக்குக் கடையை விற்ற காசோடு போன வருடம்தான் மகளிடம் வந்து சேர்ந்தார். காசை எங்கே போட்டீர்கள் என்று கேட்டால், “அதெல்லாம் மருமோன் பாக்கிறார்” என்பார்.

“இப்ப வேண்டாம். இப்ப வெட்டினா மிச்சம் முழுக்க எங்கட தலையில விழும். ஜூன் ஒண்டுக்குப் பிறகு வெட்டினா, பாதிக்கு மேல அடுத்த வருசத்துக்குப் போயிடும்.”

பாவி! காலையில்கூட மாமாவுக்கு முட்டைக் கோப்பி அடித்துக் கொடுத்தானே! அழுகையும் ஆத்திரமும் ஒன்றாகப் பொங்கின. குசினிக்குள் ஓடிக் கதவைப் பூட்டிக்கொண்டு பொலிசுக்குப் போன் அடித்தாள்.

வந்த பொலிஸ்காரரைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாக மாடிக்குக் கூட்டிப் போனாள். அப்பா உயிரோடு இருக்கிறாரா? கதவைத் தள்ளினாள்.

அப்பா கட்டிலில் சாய்ந்திருந்தார். காதில் போன்.

“சரி தம்பி, கிழவனை ஜூனுக்குப் பிறகே வெட்டுவம்!”

மடியில் கொம்பியூட்டர். திரையில் தலைக்கவசம் போட்ட தடியன்கள் முட்டி மோதிக்கொண்டிருந்தார்கள்.

பொலிசைக் கண்டதும் அப்பாவுக்கு வேர்த்துவிட்டது. மகளுக்குத் தமிழிலும் பொலிசுக்கு ஆங்கிலத்திலுமாக விளக்கினார்.

“அமெரிக்கன் ஃபுட்போல், பிள்ளை. நானும் மருமோனும் கொம்பியூட்டர் விளையாட்டில ஒரு டீம் நடத்திறம். டீமுக்குச் சம்பள எல்லை இருக்கு. எங்கட பந்து எறியிற கிழவனுக்கு முப்பத்தொன்பது வயசு, சம்பளமோ மலை மாதிரி. போன வருசம் அதைப் போனஸாக்கி, வருசா வருசம் கழிக்கிற மாதிரிப் பிரிச்சம். வெட்டிறது எண்டா டீமை விட்டு நீக்கிறது; ஜூனுக்குப் பிறகு நீக்கினா மிச்சக் காசு ரெண்டு வருசக் கணக்கில பிரிஞ்சு விழும். உனக்குத் தெரிஞ்சா வீட்டை ரெண்டாக்குவாய் எண்டுதான் அவர் கொட்டிலிலயும் நான் இங்கயுமா ஒளிச்சுப் போனில பேசினது.”

“அப்ப கடைக் காசு?”

“பாங்கில பத்திரமா இருக்கு.”

போன உயிர் தவமலருக்குத் திரும்பி வந்தது. கூடவே வெட்கமும் வந்தது. மன்னிப்புக் கேட்கப் பொலிஸ்காரரைத் தேடினாள். அவர் அப்பாவின் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டுத் திரையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஜூன் வரை ஏன் காத்திருக்கிறீர்கள்?” என்றார் அவர். “இப்போதே வெட்டிவிட்டு, ஜூனில் வெட்டியதாகக் கணக்குக் காட்டுங்கள். வருடத்துக்கு இரண்டு பேரை அப்படி வெட்ட அனுமதி இருக்கிறதே!”