கறுப்பு நூல்

மூன்று நாள் கரண்ட் இருக்காது என்று லிஃப்ட் பக்கத்தில் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். அவள் வாளி, குடம், குக்கர் என்று ஒன்று விடாமல் தண்ணீர் பிடித்துவைத்தாள். ஒற்றை ஆளுக்கு அது ரொம்பவே அதிகம்.

மகள் போனில் யோசனை சொன்னாள். "ஃப்ரீஸர்ல ஒரு டம்ளர் தண்ணிய உறைய வெச்சு, மேல கனமா எதையாச்சும் வைம்மா. கரண்ட் வந்ததும் பாரு. அது அடியில கிடந்தா எல்லாம் உருகிடுச்சுன்னு அர்த்தம். உள்ள இருக்கிறதைத் தூக்கிப் போட்டுடு."

கணவர் ரயில் கார்டாக இருந்தவர். போய்ச் சேர்ந்து இரண்டு வருடமாகிறது. அவருடைய வெள்ளைக் கோட்டிலிருந்து ஒரு பித்தளைப் பொத்தானைக் கத்தரித்து ஐஸ் மேல் வைத்தாள். பொத்தான் அறுந்தால் அவரே கறுப்பு நூலால் கோணல்மாணலாகத் தைத்துக்கொள்வார். அதற்காகவே தினம் ஒரு சண்டை நடக்கும்.

மூன்று நாளும் ஒருவரும் கதவைத் தட்டவில்லை. முதல் நாளே போனும் செத்துப்போனது.

நான்காம் நாள் காலை ஃபேன் சுற்ற ஆரம்பித்ததும் ஃப்ரீஸரைத் திறந்தாள். டம்ளரில் வெதுவெதுப்பான தண்ணீர். விரலை விட்டுத் துழாவினாள். பொத்தான் இல்லை. என்ன தோன்றியதோ, போய் பீரோவைத் திறந்தாள்.

பொத்தான் கோட்டில் இருந்தது. தொட்டால் ஐஸாகச் சில்லிட்டது. நூல் கறுப்பு.

மூன்று நாளாகப் பேசாததில் தொண்டை கட்டியிருந்தது.

"வெள்ளை நூலும் அதே டப்பாவுலதானே இருக்கு," என்றாள்.