ஒரு பாட்டில் சாறு

"அண்ணே, எங்க கோழிங்களுக்குச் சாறு கொஞ்சம் குடுங்களேன்."

வந்துட்டாங்கய்யா மகராசி! கோழிப்பண்ணைக்காரருக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. சாயங்காலமானால் போதும், எதிர்வீட்டம்மா காலி பாட்டிலும் கையுமாக வந்து நிற்பாள்.

முட்டைக்கோஸ் இலை, பூண்டு, வெல்லம் போட்டு அவரே ஜாடியில் புளிக்க வைக்கிற சாறு அது. கோழிகளுக்குக் கழிச்சல் வரும்போதெல்லாம் ஆன்டிபயாட்டிக் பொடியைக் கலந்து கலந்து, கடைசியில் அது எந்த மருந்துக்கும் கேட்காமல் போய்விட்டது. குடலுக்கு நல்லது செய்கிற கிருமி இதில் இருக்கிறது என்று கால்நடை டாக்டர்தான் சொல்லிக் கொடுத்தார். குடிதண்ணீரில் கலந்து வைத்தார். கோழிகள் தேறிக்கொண்டன.

"பக்குவம் சொன்னேனே, நீங்களே போட்டா என்ன?"

"எனக்குப் பூஞ்சை பிடிச்சுடுதுண்ணே. அதுக்கெல்லாம் கைராசி வேணும். ஆமா, சாப்டாச்சா? பிரஷர் மாத்திரை போட்டீங்களா?"

ஓசிச் சாற்றுக்கு என்னமாய்க் குழைகிறாள்! மனைவி போனபிறகு அவர் வாய் திறந்து பேசுவதே கோழிகளிடம்தான். இவளிடம் வேறு பல்லைக் காட்ட வேண்டுமா?

அன்றைக்கு ஒரு ஜாடி கெட்டுப்போன கடுப்பு வேறு.

"இதென்ன தர்மசத்திரமா? இனிமே இந்தப் பக்கம் வராதீங்க!"

அவள் காலி பாட்டிலோடு திரும்பிப் போய்விட்டாள்.

மறுநாள் சாயங்காலம் கேட் திறக்கும் சத்தம் இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை.

"விட்டுது தொல்லை" என்றார் கோழிகளிடம். அவை பாட்டுக்குத் தீனியைக் கொத்திக்கொண்டிருந்தன.

வீடு கப்சிப்பென்று கிடந்தது. சாப்பாடு இறங்கவில்லை. மாத்திரை போட்டோமா இல்லையா என்பதே மறந்துவிட்டது. கேட்கத்தான் யாரும் இல்லையே.

மனசு உறுத்தியது. பாவம், வாயில்லா ஜீவன்கள். திடீரென்று சாற்றை நிறுத்தி, அவள் கோழிகளுக்கு மறுபடியும் கழிச்சல் வந்துவிட்டால்?

பாட்டிலை நிரப்பிக்கொண்டு அவரே கிளம்பினார்.

அந்த வீட்டின் பின்பக்கக் கோழிக்கொட்டகை கழுவிவிட்ட மாதிரி இருந்தது. ஒரு இறகுகூட இல்லை. உள்ளே ஸ்கூட்டர் நின்றது.

அவளுடைய மருமகள் எட்டிப் பார்த்தாள்.

"கோழியா? அதையெல்லாம் அத்தை போன வருஷமே வித்துட்டாங்களே, மாமா."

"அப்போ... தினமும் வாங்கிட்டு வந்த சாறு?"

"எலுமிச்சைச் செடிக்கு ஊத்திடுவாங்க. ஏன் மாமா, உங்களுக்கு உடம்பு சரியில்லையா? ரெண்டு நாளா உங்க வீட்டுல லைட் எரியுதான்னு பாக்க மாடிக்கும் கீழுக்கும் நடையா நடக்கறாங்க."

அதற்குள் எதிர்வீட்டம்மாவே வந்துவிட்டாள். மருமகளை ஒரு முறை முறைத்தாள். அப்புறம் கையும் களவுமாகப் பிடிபட்டவள் மாதிரி தலையைக் குனிந்துகொண்டாள்.

அவர் பாட்டிலை நீட்டினார்.

"கோழிங்களுக்கு ஒருவேளை சாறு பத்தாதாம்மா, டாக்டர் சொன்னாரு. இனிமே காலையிலயும் வந்து வாங்கிட்டுப் போங்க."