இவளைக் கூட்டிட்டுப் போங்க

"அந்த வெள்ளைக் குட்டி உங்களுக்கு வேண்டாம். இவளைக் கூட்டிட்டுப் போங்க."

நாய்க் காப்பகத்து அம்மா இப்படிச் சொன்னதுமே புரோக்கருக்குச் சந்தேகம் தட்டிவிட்டது.

பழைய கார் வாங்கி விற்பது அவர் தொழில். கேட்டதை விட்டுவிட்டு வேறொன்றைத் தலையில் கட்டப் பார்க்கிறவர்களை அவர் நிறையப் பார்த்திருக்கிறார்.

மகள் வேலை கிடைத்து வெளியூர் போனதிலிருந்து அவர் மனைவிக்கு வீட்டில் பேச்சுத்துணை டிவிதான். நாய் வேண்டும் என்று அவள்தான் அவரை இங்கே இழுத்து வந்திருந்தாள்.

வந்ததிலிருந்து அந்த அம்மா கேள்வி மேல் கேள்வி கேட்டாள்.

"வீட்டுல வேற நாய் இருக்கா?"

"இல்லம்மா."

"இனிமே வாங்குவீங்களா?"

"இந்த ஒண்ணுக்கே நான் இன்னும் முழுசா ஒத்துக்கல!"

"பகல்ல யார் இருப்பாங்க?"

"நான்தான் இருப்பேன். எங்கே போகப் போறேன்?" என்றாள் மனைவி.

"பொண்ணு கொடுக்கிறவங்ககூட இவ்வளவு விசாரிக்க மாட்டாங்கம்மா" என்றார் புரோக்கர்.

அந்த அம்மா சிரிக்கவில்லை. உள்ளே போய் ஒரு பழுப்பு நாயைக் கூட்டிவந்தாள். அப்போதுதான், இவளைக் கூட்டிட்டுப் போங்க என்றது.

நாய்க்கு முகவாயில் நரை எட்டிப் பார்த்தது. சாதுவாக உட்கார்ந்து ஆள் மாற்றி ஆள் பார்த்தது.

புரோக்கர் சுற்றிவந்து பார்த்தார். பல்லைப் பார்த்தார். நாலடி நடக்கவிட்டுக் காலைப் பார்த்தார்.

"உண்மையைச் சொல்லுங்க. ஏதாவது கோளாறா?"

"ஒரு கோளாறும் இல்லை."

"அப்புறம் ஏன் இதையே பிடிச்சுத் தொங்கறீங்க? எங்களுக்குப் பிடிக்கலேன்னா திருப்பிக் கொண்டுவந்து விடலாமா?"

அந்த அம்மா கொஞ்சம் யோசித்தாள். "விடலாம். ஆனா விடாதீங்க."

மனைவி அதற்குள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். நாய் தலையை அவள் மடியில் சாய்த்திருந்தது. இனி யார் சொல்லி என்ன?

கிளம்பும்போது அந்த அம்மா கழுத்துப்பட்டையைச் சரிபார்த்து, கயிற்றை மனைவி கையில் கொடுத்தாள். அவ்வளவுதான். ஒரு தடவல் இல்லை, ஒரு வார்த்தை இல்லை. விறுவிறுவென்று உள்ளே போய்விட்டாள்.

"பார்த்தியா? விட்டது தொல்லைன்னு போறாங்க!" என்றார் புரோக்கர், வண்டியைக் கிளப்பியபடி. "இதுக்குப் பேரு நாய் மேல பாசமாம்!"

கேட்டைத் தாண்டுமுன் எதிரே ஸ்கூட்டரில் வந்த பெண் சட்டென்று பிரேக் போட்டாள். காப்பகத்து நாய்களுக்கு ஊசி போடவரும் கால்நடை டாக்டர். பின் சீட்டில் இருந்த நாயைப் பார்த்ததும் அவள் முகமே மாறிவிட்டது.

"இவளை எங்கே கூட்டிட்டுப் போறீங்க?"

"வீட்டுக்குத்தான். அந்தம்மாதான் இதைத்தான் எடுத்துக்கணும்னு ஒரே பிடியா நின்னாங்க. ஏன் டாக்டர், சீக்கு ஏதாவது?"

"சீக்கா? இங்கே இருக்கறதிலேயே நல்ல ஆரோக்கியமானவ இவதான்." டாக்டர் தயங்கினாள். "சார், இவ காப்பகத்து நாய் இல்லை. அந்தம்மாவோட சொந்த நாய். சாக்கடையில கிடந்த குட்டியைத் தூக்கிட்டு வந்து, தன் படுக்கையிலேயே போட்டு வளர்த்தாங்க. இவ மேல வச்ச பாசத்துலதான் மத்ததையும் தூக்கிட்டு வர ஆரம்பிச்சாங்க. இந்த இடமே இவளால வந்ததுதான்."

புரோக்கர் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே ஓடினார்.

அந்த அம்மா சாப்பாட்டுத் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். குழாயில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. கை அசையவில்லை.

"அம்மா, தெரியாம என்னென்னவோ பேசிட்டேன். உங்க நாயை நீங்களே வச்சுக்குங்க. நாங்க அந்த வெள்ளைக் குட்டியை எடுத்துக்கறோம்."

அவள் குழாயை மூடினாள்.

"அந்தக் குட்டிக்கு என்ன சார், அழகா இருக்கு. நாளைக்கே யாராவது கொத்திட்டுப் போயிடுவாங்க."

"அதுக்காக, வளர்த்த பிள்ளையை யாராவது..."

"இங்கே நாய் எழுபதுக்கு மேல ஆயிடுச்சு சார். ஒண்ணுக்குக் கட்டுப் போடணும், ஒண்ணுக்கு ஊட்டிவிடணும், ஒண்ணு சாகக் கிடக்கும். இவதான் நல்லா இருக்காளேன்னு இவகிட்ட மட்டும் 'அப்புறம் வர்றேன், அப்புறம் வர்றேன்'னு சொல்லிக்கிட்டே இருக்கேன். இவளும் கதவோரமே உட்கார்ந்திருப்பா. நான் வந்து படுத்தா அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கிடறேன். ஊர் நாய்க்கெல்லாம் ஆள் ஆயிட்டேன். இவளுக்குத்தான் ஆள் இல்லாமப் போச்சு."

வெளியே ஒன்று குரைக்க, இன்னும் பத்து சேர்ந்துகொண்டது. அவள் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"உங்க வீட்டம்மா தடவறப்போ இவ கண்ணை மூடிக்கிட்டா, பார்த்தீங்களா? அப்படிக் கண்ணை மூடி நான் பார்த்து ரொம்ப நாளாச்சு."

எதிரே நிற்கும் அந்தச் சின்ன உருவத்தை அண்ணாந்து பார்ப்பதுபோல் இருந்தது புரோக்கருக்கு.

தன் விசிட்டிங் கார்டை எடுத்து நீட்டினார்.

"எங்க வீடு பக்கத்துலதாம்மா. தோணும்போதெல்லாம் வந்து பார்த்துட்டுப் போங்க."

"வரமாட்டேன் சார்" என்றாள் அவள். "நான் வந்தா, கூட்டிட்டுப் போகத்தான் வந்திருக்கேன்னு நினைச்சு எழுந்து நிப்பா."