முன்னுக்கு மட்டும் காபட்

"முன்னுக்கு உள்ளது மட்டும் வந்திருக்கா? அப்ப பின்னுக்கு உள்ளது எங்க தம்பி?"

கல்முனையில் கார் ஆசனம் தைக்கிற அந்த குஷன் கடையே அதிரும்படி கத்தினார் கச்சிமுகம்மது ஹாஜியார். அவருடைய பழைய மொரிஸ் மைனர் கார், ஆசனமெல்லாம் கழற்றப்பட்டு வெறும் தகரத் தரையோடு நடுவில் நின்றது. உள்ளே குந்தியிருந்து பசை பூசிக்கொண்டிருந்த நிதர்சன் தலையை நிமிர்த்தவே இல்லை.

"கொழும்பு ஆள் காபட்டில முன்பக்கத்தை மட்டும்தான் அனுப்பியிருக்கிறார் ஹாஜியார். பின்பக்கம் அடுத்த மாசமாம்."

"அடுத்த மாசமா? நாளைக்கு என்ட மகள்ட கலியாணம்! மாப்பிள்ளை இந்தக் காரிலதான் வரணும். பின்னுக்கு இருக்கிற ஓட்டையால றோட்டுத் தெரியுது. சேத்துத் தண்ணி அடிச்சா அவர்ட வெள்ளை உடுப்பு என்னத்துக்காகும்? ஆறு மாசமாச் சொல்லிவச்சும் இப்படிச் செய்றானே, இவனெல்லாம் ஒரு யாவாரியா?"

அது கடையில் வாங்கி வெட்டி ஒட்டுகிற தரைவிரிப்புக் காபட் இல்லை. அந்தக் காரின் தரையில் இருக்கிற மேடு பள்ளம் அத்தனையும் அப்படியே வரும்படி அச்சில் அழுத்திச் செய்தது. நிதர்சன் சூட்டுக் காற்று அடித்து அதை இளக்கினான். கியர்த் தடிக்குத் துளை வெட்டினான். மூலை மூலையாக அழுத்தினான். அச்சொட்டாகப் பொருந்தியது. அதைப் பார்க்கப் பார்க்க ஹாஜியாருக்கு ஆத்திரம்தான் கூடியது. முன்னுக்கு இவ்வளவு வடிவு, பின்னுக்கு வெறுந் தகரம்! யாருக்குத்தான் வயிறு எரியாது?

"மாப்பிள்ளையை முன்னுக்கு இருத்துங்க ஹாஜியார். பிரச்சினை முடிஞ்சுது" என்றான் நிதர்சன்.

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. அஸ்கி. ஹாஜியார் வீடு இருக்கிற மண் ஒழுங்கையின் கடைசி வீட்டு ஓட்டோக்காரன். கலியாண வேலைக்கெல்லாம் ஓடித் திரிகிறவன்.

"காக்கா, எங்க நிக்கிறீங்க?"

"காபட் விசயமாக் கல்முனைக்கு வந்தன் மனே. மனிசன்ட பொறுமையச் சோதிக்கிறானுகள். முன்னுக்கு மட்டும்தான் போடலாமாம்."

"அப்ப பின்னுக்கு?"

"பின்னுக்கு இப்ப இல்ல. விடு, பின்னுக்கு ஆரு பார்க்கப் போறா? முன்னுக்கு வடிவா இருந்தாப் போதும்."

போன் வைக்கப்பட்டுவிட்டது. "ஒரு ஸலாம் இல்ல, ஒண்டுமில்ல. என்ன பழக்கமோ!" என்று ஹாஜியார் பொரிந்தார்.

கொஞ்ச நேரத்தில் மீண்டும் போன். இந்த முறை அஸ்கியின் ராத்தா உம்மு, அவனுக்கு மூத்தவள். கலியாண வீட்டுச் சமையல் முழுக்க அவள் பொறுப்பில்தான் நடந்துகொண்டிருந்தது.

"ஹாஜியார், தம்பி சொல்றது மெய்யா? முன்னுக்கு மட்டும்தான் காபட்டா?"

"ஓம். அதுக்கென்ன இப்ப?"

"அதுக்கென்னவா? பின்னுக்கு இருக்கிற நாங்க மனிசரில்லையா? நீங்க முன்னுக்கு ராசா மாதிரிப் போகணும், நாங்க பின்னுக்குச் சேத்துக்க கால வச்சிட்டு வரணும். அப்படித்தானே?"

ஹாஜியாருக்குக் கோபம் தலைக்கேறியது. மாப்பிள்ளையின் காரில் இவளுக்கு இடம் கொடுத்தது யார்? கேட்காமலே ஏறுவதும் இல்லாமல், அதில் நொட்டை வேறு!

"இஞ்ச பாருங்க உம்மு, பின்னுக்கு இருக்கச் சொல்லி உங்களை ஆரு கூப்பிட்ட? இருக்க விருப்பமெண்டா சத்தம் போடாம இரிங்க. ஏலாட்டி எழும்பிப் போங்க!"

"யா அல்லாஹ்! எழும்பிப் போகட்டாம்! எங்களையா சொல்றீங்க?"

"ஓம், உங்களைத்தான்!"

இப்போது போனை வைத்தது ஹாஜியார். நிதர்சன் ஆசனங்களைத் திரும்பப் பூட்டத் தொடங்கியபோது ஹாஜியாரின் மனைவி சுல்பிகா போன் எடுத்தாள். அழுகையில் பாதி வார்த்தை விளங்கவில்லை.

"இஞ்சாருங்க, உம்முக்கு என்னத்தைச் சொன்னீங்க? அகப்பையப் போட்டுட்டுப் போயிட்டா. கூட நிண்ட பொம்பிளைகளும் போயிட்டாங்க. அவட ஆக்கள் ஒருத்தரும் நாளைக்குக் கலியாணத்துக்கு வரமாட்டாங்களாம். மகள் அழுதுக்கிட்டிருக்கா!"

"ஒரு துண்டுக் காபட்டுக்கா? வெட்கமில்லையா இந்தச் சனத்துக்கு? கார்ல நல்ல இடம் கிடைக்கல்லெண்டு ஒரு குமருட கலியாணத்தைக் குழப்புறதா? வாறன், இண்டைக்கு ரெண்டில ஒண்டு பார்க்கன்!"

தன் ஊர் சாய்ந்தமருது வரைக்கும் அவர் கார் ஓட்டினார் என்பதைவிட காரை ஏசிக்கொண்டு வந்தார் என்பதே சரி. ஒழுங்கை முகப்பில் சனம் கூடியிருந்தது. உம்முவும் அஸ்கியும் காரை மறித்துக்கொண்டு நின்றார்கள். அவர்களோடு மல்லுக்கட்டியபடி ஒழுங்கையின் முதல் வீட்டு மஜீட்.

"ஹாஜியார் செஞ்சதில என்ன பிழை? முன்னுக்குப் போட்டுத்தானே பின்னுக்குப் போடணும்! பொறாமையில கத்தாதீங்க!" என்றான் மஜீட்.

அல்ஹம்துலில்லாஹ், நியாயம் தெரிந்த ஒருவனாவது இருக்கிறானே! ஹாஜியாருக்குத் தெம்பு வந்துவிட்டது. பாய்ந்து இறங்கி, காரின் கதவை அகலத் திறந்தார்.

"வாங்க, எல்லாரும் வந்து பாருங்க! இஞ்ச கிடக்கு காபட்! இந்தத் துண்டுக்காகத்தானே என்ட பிள்ளைட கலியாணத்தை நாசமாக்கப் பார்த்தீங்க?"

எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். உம்மு காருக்குள் பார்த்தாள், சேறாகிக் கிடந்த ஒழுங்கையைப் பார்த்தாள், பிறகு ஹாஜியாரைப் பார்த்தாள்.

"அப்ப நீங்க கல்முனைக்குப் போன காருக்குக் காபட் போடவா? எங்கட ஒழுங்கைக்குத் தார்க் காபட் போட்டுத் தரத்தானே றோட்டுக் கமிட்டித் தலைவரெண்டு உங்களை வச்சிருக்கு?"

ஹாஜியார் பதில் சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள், இவ்வளவு நேரமும் அவருக்காகத் தொண்டை கிழியக் கத்திய மஜீட் சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு அவர் முன்னால் வந்து நின்றான்.

"அப்ப, றோட்டுக்கு முன்னுக்கும் இல்லையா?"