தோசை ஆறுது

எங்கள் வீட்டில் யாரும் யாரையும் கத்திக் கூப்பிடுவதில்லை. அடுக்களையில் அம்மா முணுமுணுத்தால் போதும், ஸ்மார்ட் ஸ்பீக்கர் அதிலுள்ள கோபத்தை வடிகட்டிவிட்டு, எங்கள் அறைகளில் இனிமையாகச் சொல்லும்: "உணவு தயார்."

இன்று காலை அது பழுதாகிவிட்டது.

"பரிதி, தோசை ஆறுது."

பள்ளிக்கூட நாட்களுக்குப் பிறகு இப்போதுதான் அம்மா கூப்பிட்டுக் கேட்கிறேன். எழுந்தவன் மறுபடி உட்கார்ந்துவிட்டேன்.

"டேய், காதுல விழுதா இல்லையா?"

அப்பா என் அறைக்கு வந்தார். "போடா, திட்டப்போறா."

"திட்டட்டும்ப்பா."

அடுக்களையில் தோசைக்கல்லில் கரண்டி தட்டும் சத்தம் கேட்டது. "ஏங்க, நீங்களாவது வாங்களேன்."

அப்பா அப்படியே நின்றார். பிறகு கட்டிலில் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

"என்னப்பா, போகலையா?"

"இரு. இன்னொரு தடவை கூப்பிடட்டும்."