கொப்பரை மணம்

மருமகன் ஜிஜோ ஸ்பெயினிலிருந்து கொண்டுவந்த சிவப்பு ஒயினைத் திறந்ததுமே, மாமியார் சுகிர்தபாய் அடுக்களைக் கதவைப் படாரென்று சாத்தினாள். திருச்சபையில் குடிக்கு எதிராகப் பேசுகிறவள் அவள்.

"ஓக் பீப்பாயில வருசக்கணக்கா கிடந்ததாக்கும், மாமா."

மாமனார் பொன்னையன் தம்ளரை மூக்கருகே கொண்டுபோனார்.

"மக்கா, இது கொப்பரைத் தேங்கா மாதிரில்லா மணக்குது!"

இவ்வளவு தூரம் சுமந்து வந்ததற்குக் கேலியா என்று ஜிஜோவின் முகம் சுருங்கியது. அதற்குள் அடுக்களைக் கதவு திறந்தது. சுகிர்தபாய் ஓடிவந்தாள்.

"நெசமா மணக்குதா? இன்னொருக்கா மோந்து பாருங்க."

பொன்னையன் மோந்துவிட்டு மெதுவாகத் தலையாட்டினார். கொரோனா வந்துபோன நாளிலிருந்து, பக்கத்தில் சோறு கருகினாலும் அவர் மூக்குக்குத் தெரிந்ததில்லை.

சுகிர்தபாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு மருமகன் பக்கம் திரும்பினாள்.

"மாமாவுக்கு இன்னும் கொஞ்சம் ஊத்துங்க, மக்கா."